இருபத்தாறு அங்குலக் கதவு

காணாமல் போன பெட்டி, அது வெளியே போன கதவை விட நான்கு அடி குறுகலாக இருந்தது. சர்வேயருக்கு அதுதான் உறுத்தியது.

“கதவை விடப் பெரிசா இருந்தா, எப்படி வெளிய போச்சுன்னு மண்டையைப் பிச்சுக்கலாம் சார். இது தாராளமா போயிருக்கு. இதுக்கும் பிச்சுக்கிட்டா உங்க தலைல மிச்சம் என்ன இருக்கும்?” என்றாள் வயர்லெஸ்.

சர்வேயர் கதவு நிலையை இன்னொரு தடவை அளந்தார். இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக எரிந்த கிடங்குகளையும் நசுங்கிய லாரிகளையும் அளந்தவர் அவர். அந்த வேலையை உதறிவிட்டுத் துப்பறியும் அலுவலகம் திறந்த பிறகும் இடுப்பிலிருந்து டேப் இறங்கவில்லை, பட்டப்பெயரும் போகவில்லை. வயர்லெஸ் அவருடைய உதவியாளர். வயது ஐம்பத்திரண்டு. டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தைந்து வருடம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். எக்ஸ்சேஞ்சை மூடிவிட்டார்கள், அவள் வாயை மட்டும் யாராலும் மூட முடியவில்லை. வீட்டுக்குப் போனால் பேச ஆள் கிடையாது என்பதால் பகலிலேயே எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிடுவாள். அப்படியும் தீராதபோது ரேடியோவுக்கு எதிர்ப்பேச்சுப் பேசுவாள்.

அவர்கள் நின்றுகொண்டிருந்தது ஒரு பழைய கிடங்கு அறை. ஆறடி அகல இரட்டைக் கதவு. உள்ளே ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், ஒரு தட்டு, ஒரு டம்ளர். மற்ற இடமெல்லாம் பிளைவுட் துண்டுகளும் மரத்தூளும்தான். இங்கே நான்கு வருடமாகத் தனியாக இருந்த பெரியவரைப் புதன்கிழமையிலிருந்து காணவில்லை. அவர் கட்டிய தொலைநோக்கியையும் காணவில்லை. இன்று வெள்ளிக்கிழமை, மத்தியானம்.

அவர் பாய்லர் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறடி உயரம், அறுபத்தெட்டு வயது, காது கொஞ்சம் மந்தம். இந்த விவரங்களைச் சொன்னவள் அவருடைய ஒரே மகள். எலும்பு ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே எடுப்பவள். ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டு வந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருப்புத் தட்டியிருந்தது.

அம்மா போன பிறகு அப்பாவைத் தன்னோடு வந்து இருக்கச் சொன்னதாகவும், மகள் வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிடுகிற ஆள் தான் இல்லை என்று அவர் சொன்னதாகவும், அதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு சுருங்கிவிட்டதாகவும் சொன்னாள். வாரம் ஒரு ஃபோன், புதன்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு. சாப்பிட்டீர்களா, சாப்பிட்டேன், வைக்கிறேன். அவ்வளவுதான். இந்தப் புதன்கிழமை மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுநாள் வந்து பார்த்தால் கதவு பூட்டியிருந்தது. தன்னிடம் இருந்த சாவியால் திறந்தாள். ஃபோன் சார்ஜரில் தொங்கிக்கொண்டிருந்தது. ரத்த அழுத்த மாத்திரை மேசை மேலேயே கிடந்தது. ஃபோனில் செவ்வாய்க்கிழமை யாரோ அனுப்பிய ஒரு செய்தி: ‘நாளை ரெண்டு மணிக்கு வண்டி வரும். தூக்க ரெண்டு ஆள் இருக்கு.’ அந்த எண்ணைக் கூப்பிட்டால் அணைத்து வைத்திருக்கிறார்கள்.

“அந்தக் கண்ணாடிக்காகத்தான் யாரோ கூட்டிட்டுப் போயிருக்காங்க,” என்றாள் மகள். “பதினாலு இஞ்ச் கண்ணாடி, கையாலேயே தேய்ச்சது. ரெண்டு வருஷம் தேய்ச்சார். போலீஸ்ல கேட்டா, பெரிய மனுஷன்தானே, வந்துடுவார்ங்கறாங்க. மாத்திரை இல்லாம மூணு நாள் தாங்க மாட்டார் சார்.”

“உங்களைக் கடைசியா எப்ப வந்து பார்த்தார்?” என்று கேட்டார் சர்வேயர்.

“போன மாசம் பன்னெண்டாம் தேதி. நாலு வருஷத்துல அது ஒரு தடவைதான். பத்து நிமிஷம் இருந்தார். தண்ணி கூடக் குடிக்கல. அதுலயும் பாதி நேரம் லிஃப்ட் பக்கம் நின்னு எதையோ பார்த்துட்டுப் போயிட்டார்.”

வயர்லெஸ் அவளுடைய தோளைத் தட்டிக்கொடுத்தாள். தூங்கினாயா என்று விசாரித்தாள்.

“எங்கக்கா தூங்கறது? வீடு உச்சி மாடி. ரெண்டு ராத்திரியா விட்டத்துக்கு மேல தண்ணிக் குழாய் வேற டொக்கு டொக்குன்னு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. கேட்டா குழாய்ல காத்து அடைச்சிருக்குன்னாங்க. இன்னைக்கு விடியக்காலைல எரிச்சல் தாங்காம துடைப்பக் கட்டையால நானே விட்டத்துல நாலு போடு போட்டேன். அதோட நின்னுடுச்சு.”

“குழாய்க்கும் பயம் இருக்கு பாருங்க,” என்றாள் வயர்லெஸ். மகள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வந்தது. சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அவள் போனதும் சர்வேயர் தரையைக் காட்டினார். அறையின் நடுவே ஒரு இரும்பு டிரம் நின்றது. அதைச் சுற்றி சிமெண்டுத் தரை வட்டமாகத் தேய்ந்து வழவழத்திருந்தது. டிரம்மின் மேல் ஒரு கண்ணாடியை வைத்து, அதன் மேல் இன்னொன்றை வைத்து, நடுவில் பொடியைப் போட்டுத் தேய்ப்பார்களாம். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தேய வேண்டுமானால் ஆள் டிரம்மைச் சுற்றி நடந்துகொண்டே இருக்க வேண்டும். இரண்டு வருடம் நடந்திருக்கிறார்.

“செக்கு மாட்டுக்காவது பின்னாடி ஒருத்தன் ஹை ஹைன்னு கத்துவான்,” என்றாள் வயர்லெஸ். சொன்ன பிறகு அந்த வட்டத்தைப் பார்க்க அவளுக்கே பிடிக்கவில்லை. அவளுடைய அறையிலும் ஜன்னலுக்கும் ரேடியோவுக்கும் நடுவே இப்படி ஒரு தடம் இருக்கும், தரை மொசைக் என்பதால் தெரிவதில்லை.

மூலையில் ஒரு பிளைவுட் பெட்டி கிடந்தது. அதன் மேல் பலகை போட்டு மேசையாக்கியிருந்தார் பெரியவர். சர்வேயர் குனிந்து பார்த்தார். பக்கப் பலகைகளில் அரைவட்டமாக வெட்டு, அதில் வழுக்குவதற்கு ஒட்டிய வெள்ளைத் துண்டுகள். தொலைநோக்கி உட்கார்ந்து சாயும் பெட்டி இது. அகலம் முப்பத்திரண்டு அங்குலம்.

“அப்ப அது திருடு போகலயா?”

“இது பழசு. காணாமப் போனது புதுசு,” என்று சுவரைக் காட்டினார்.

சுவரில் பென்சிலால் கணக்குப் போட்டிருந்தது. 26, அதற்குக் கீழே கழித்தல் 2, அதற்குக் கீழே 24. பக்கத்தில் படுக்கையாக இரண்டு கோடுகள். மேல்கோட்டைக் குறுக்கே அடித்திருந்தார். கீழ்க்கோட்டின் மேல் பென்சில் பல தடவை ஓடியிருந்தது.

சர்வேயர் டேப்பை உருவினார். மேல்கோடு தரையிலிருந்து அறுபத்தேழு அங்குலம், கீழ்க்கோடு அறுபது. பிறகு அவர் வயர்லெஸ்ஸுக்கு விளக்கினார். இந்த வகைத் தொலைநோக்கியில் கண்ணாடி அடியில் படுத்திருக்கும், கண் வைக்கும் துளை உச்சியில் பக்கவாட்டில் இருக்கும். இரண்டுக்கும் உள்ள தூரத்தைக் கண்ணாடி தீர்மானித்துவிடும், அதில் கை வைக்க முடியாது. ஆனால் அடிப் பெட்டியை உயர்த்தலாம், தாழ்த்தலாம். வானத்தின் உச்சியைப் பார்க்கும்போது துளை கண்ணுக்கு நேராக வர வேண்டும். ஆறடி மனிதருக்கு அறுபத்தேழு சரி.

“அப்படின்னா அறுபது?”

“சுவர்ல போய் நில்லுங்க.”

வயர்லெஸ் போய் நின்றாள். கீழ்க்கோடு அவள் கண்ணுக்கு நேராக ஓடியது.

“சார், எனக்கு ஒரு பாவமும் தெரியாது,” என்றாள். “நான் அவரைப் பார்த்ததே இல்ல.”

“ரெண்டு வருஷம் நடந்து நடந்து தேய்ச்ச கண்ணாடியை, கடைசில தனக்குப் பொருந்தாத உயரத்துல மாட்டியிருக்கார். வேற யாருக்கோ கட்டியிருக்கார் வயர்லெஸ். அந்த யாரோட வாசல் இருபத்தாறு இஞ்ச்.”

பெரிதாக எதையாவது கட்டுகிறவர்கள் முதலில் கதவைத்தான் அளப்பார்கள் என்றார். கட்டி முடித்த பிறகு கதவை அளந்தவன் எல்லாம் சுவரை இடித்திருக்கிறான், அந்த மாதிரி நான்கு க்ளெய்ம் அவரே பார்த்திருக்கிறார். இருபத்தாறில் விரல் இடிக்காமல் இருக்க இரண்டு கழித்தால் இருபத்துநாலு. கணக்கு சரியாக இருந்தது. கதவுதான் இந்த அறையில் இல்லை.

“பொம்பளை விவகாரம்,” என்றாள் வயர்லெஸ் உடனே. “என் உயரத்துல ஒருத்தி. அறுபத்தெட்டு வயசுல நிலாவைக் காட்டி மயக்கியிருக்கார். பரவாயில்ல, எனக்கெல்லாம் இதுவரைக்கும் டார்ச் லைட் கூட யாரும் காட்டினதில்ல.”

பிளைவுட் கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது. கடைக்காரர் ரம்பத்தை நிறுத்திவிட்டுக் காதிலிருந்த பஞ்சை எடுத்தார். பெரியவரைத் தெரியுமா என்றதும் அவருக்குக் கோபம்தான் வந்தது.

போன வருடம் முப்பத்திரண்டு அங்குலத்துக்குப் பலகை வெட்டிக் கொடுத்தாராம். நல்ல பெட்டி, மேலே ஏறி நின்றால்கூட ஆடாது. போன மாதம் திடீரென்று வந்து எல்லாவற்றையும் இருபத்துநாலுக்கு மறுபடி வெட்டச் சொன்னாராம். குறுக்கினால் ஆடும் என்று இவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்திருக்கிறார். கேட்கவில்லை. அடியில் இன்னொரு பலகை கொடுத்து ஆட்டத்தைப் பார்த்துக்கொள்வேன் என்றாராம். அந்த இடத்துக்கு வேறு வாசல் இல்லை, அதுவும் லிஃப்ட் நின்ற பிறகு பதினேழு படி ஏற வேண்டும் என்றும் சொன்னாராம்.

“என்னைக்கு வந்தார்னு ஞாபகம் இருக்கா?” என்றார் சர்வேயர்.

“பதிமூணாம் தேதி. கடை திறக்கிறதுக்கு முன்னாடியே வந்து ஷட்டர்கிட்ட நின்னுக்கிட்டிருந்தார். அவ்வளவு சந்தோஷமா அந்த மனுஷனை நான் பார்த்ததே இல்ல. வெட்ட வெளில வச்சா பிளைவுட் தாங்குமா, மழை வந்தா எதைப் போட்டு மூடறதுன்னு கேட்டு ஒரு தார்ப்பாயும் வாங்கிட்டுப் போனார். யாருக்குன்னு கேட்டேன். இன்னும் கேக்கலன்னார்.”

“என்ன கேக்கல?”

“அதான் புரியல. யாருக்குன்னு கேட்டா, அவகிட்ட இன்னும் கேக்கலங்கறார்.”

வெளியே வந்ததும் வயர்லெஸ் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள். மொட்டை மாடி. லிஃப்ட். பதினேழு படி. இருபத்தாறு அங்குலக் கதவு. ஊரில் இருக்கிற மாடிக் கதவையெல்லாம் அளக்க வேண்டுமானால் தனக்கு முழங்கால் இரண்டும் புதிதாக வாங்கித் தர வேண்டும் என்றாள். சர்வேயர் அவளைப் பேச விட்டார். அவள் பேசிக்கொண்டே போனால் எங்காவது ஒரு இடத்தில் தானே நிற்பாள் என்பது அவருடைய அனுபவம்.

நின்றாள். நடைபாதையின் நடுவில், ஒரு கையைத் தன் கண்ணுக்கு நேராக உயர்த்திக்கொண்டு நின்றாள்.

“சார், மத்தியானம் அந்தப் பொண்ணு தோளைத் தட்டினேன் இல்ல? அப்ப அவ கண்ணும் என் கண்ணும் நேருக்கு நேரா இருந்துச்சு. நான் குனியல. அவ நிமிரல.”

சர்வேயர் டேப்பை உருவி அந்தக் கையின் உயரத்தை அளந்தார். அறுபது.

“பன்னெண்டாம் தேதி அவ வீட்டுக்குப் போயிருக்கார். பாதி நேரம் லிஃப்ட் பக்கம் நின்னார்னு சொன்னா. பதிமூணாம் தேதி கடைல நிக்கறார்.” குரல் இறங்கியது. “யாரும் அவரைக் கடத்தல. அவர் பொண்ணு வீட்டுக்குத்தான் போயிருக்கார்.”

“அவ தலைக்கு மேல,” என்றார் சர்வேயர்.

இருவருக்கும் ஒரே நேரத்தில்தான் அது உறைத்தது. விட்டத்துக்கு மேலே இரண்டு ராத்திரியாக டொக்கு டொக்கு. விடியற்காலையில் நின்றுவிட்டது. குழாய்க்கும் பயம் இருக்கிறது என்று தான் அடித்த ஜோக் ஞாபகம் வர, வயர்லெஸ் ரோட்டில் இறங்கிக் கையைக் காட்டி ஒரு ஆட்டோவை நிறுத்தினாள்.

ஆட்டோவிலிருந்தே மகளுக்கு ஃபோன் செய்தாள். எக்ஸ்சேஞ்சில் எத்தனையோ கெட்ட செய்திகளைக் கோட்டுக்கு இந்தப் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறாள், தன் வாயால் ஒன்றைச் சொன்னதில்லை. உங்கள் கட்டடத்துக்கு உடனே வாருங்கள் என்று மட்டும் சொன்னாள். ஆம்புலன்ஸுக்கும் சொல்லிவிட்டு வைத்தாள். அதன் பிறகு வழியெல்லாம் அவள் வாய் திறக்கவில்லை. சர்வேயர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

கட்டடம் மேம்பாலத்தை ஒட்டி நின்றது. லாரி இரைச்சலில் வாட்ச்மேனிடம் பேசுவதற்கே கத்த வேண்டியிருந்தது. அவர் ராத்திரி வாட்ச்மேன். பகல் வாட்ச்மேன் புதன்கிழமை மனைவிக்குப் பிரசவ வலி என்று சாயங்காலமே ஓடிவிட்டதால் அவருடைய வேலையையும் சேர்த்துப் பார்க்கிறார். புதன்கிழமை யாராவது பிளைவுட் சாமான் கொண்டு வந்தார்களா என்றால் தெரியாது என்றார். மாடிக்கு யாரும் போகக் கூடாது என்பது அசோசியேஷன் உத்தரவு. அன்றைக்கு வேலைக்கு வந்ததும் பார்த்தால் மாடிக் கதவு திறந்து கிடந்தது. பூட்டினாராம்.

“உள்ள யாராவது இருக்காங்களான்னு பார்த்தீங்களா?” என்று கேட்டார் சர்வேயர்.

“அங்க யாரு சார் இருக்கப் போறா?”

மகள் வந்து சேர்ந்தாள். லிஃப்ட் மேலே போகும்போது வயர்லெஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பா மாடியில் இருக்கலாம் என்று சொன்னாள். மகளுக்கு அது உடனே ஏறவில்லை. எந்த மாடி என்று கேட்டாள். பிறகு அண்ணாந்து பார்த்தாள். பிறகு தன் வலது கையை, துடைப்பம் பிடித்த கையை, ஏதோ அழுக்கு ஒட்டியிருப்பது போலப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

பதினேழு இரும்புப் படிகள். உச்சியில் ஒரு ஆள் மட்டும் நுழையக்கூடிய தகரக் கதவு. சர்வேயர் டேப்பை எடுக்கவில்லை. வாட்ச்மேனின் கையிலிருந்து சாவியைப் பிடுங்கித் திறந்தார்.

வெயில் சாய்ந்திருந்தது. மாடியின் நடுவே தார்ப்பாய் போர்த்திக்கொண்டு ஆளுயரத்தில் ஒன்று நின்றது. அதற்கு அப்பால் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் பெரியவர் படுத்திருந்தார். ஒரு கால் மடங்கக் கூடாத கோணத்தில் கிடந்தது. தலைமாட்டில் தொட்டியின் வழிகுழாய் சொட்டிக்கொண்டிருந்தது, அதன் கீழே ஆணி டப்பாவின் தகர மூடியைத் தண்ணீர் பிடிக்க வைத்திருந்தார். கைக்குப் பக்கத்தில் ஒரு மரச் சுத்தியல்.

மகள் ஓடிப்போய் உட்கார்ந்தாள். அப்பா என்றாள். இரண்டாவது முறை அழைத்தபோது கண்ணைத் திறந்தார்.

“வந்துட்டியா,” என்றார். குரல் உடைந்து காற்றாகத்தான் வந்தது. பேச வேண்டாம் என்றார்கள், கேட்கவில்லை. புதன்கிழமை சாயங்காலம் அவளை மேலே அனுப்பச் சொல்லிப் பகல் வாட்ச்மேனிடம் சொல்லி வைத்தாராம். வேலையெல்லாம் முடித்துத் தார்ப்பாயைப் போர்த்தும்போது கால் வழுக்கிவிட்டது, தண்ணீருக்காகத் தொட்டி வரைக்கும் தவழ்ந்தாராம். ஃபோனை மறந்துவிட்டு வந்தது தன் தப்பு என்றார்.

“கத்திப் பார்த்தேன். லாரி சத்தத்துல எடுபடல. அப்புறம்தான் தட்டினேன். கீழ நீதானே இருக்கே.” மூச்சு வாங்கினார். மகளைப் பார்த்துச் சிரித்தார். “காலைல நீ திருப்பித் தட்டினே பாரு, அதோட எனக்குப் பயம் போயிடுச்சு.”

மகள் அசையவில்லை.

“காது கேக்கல. உள்ளங்கையில தெரிஞ்சுது, நாலு தட்டு. பாய்லருக்குள்ள மாட்டிக்கிட்டா எங்க பட்டறைல அதுதான் வழக்கம். உள்ள இருக்கிறவன் தட்டுவான். வெளில இருந்து பதில் வந்துட்டா ஆள் வருதுன்னு அர்த்தம். அப்புறம் தட்டக் கூடாது. மூச்சை மிச்சம் பிடிச்சுக்கிட்டு சும்மா கிடக்கணும். அதான் நிறுத்திட்டேன்.” கொஞ்சம் யோசித்துச் சேர்த்துக்கொண்டார். “வர்றதுக்குத்தான் கொஞ்சம் நேரமாயிடுச்சு.”

விடியற்காலையிலிருந்து மாலை நான்கு மணி வரை இந்த வெயிலில், மகள் வந்துகொண்டிருக்கிறாள் என்ற நிச்சயத்தோடு அவர் சும்மா கிடந்திருக்கிறார்.

மகள் தலையைத் தூக்கி வயர்லெஸ்ஸைப் பார்த்தாள். துடைப்பக் கட்டை விஷயம் தெரிந்தவர்கள் அங்கே மூன்றே பேர்தான். வயர்லெஸ் சர்வேயரைப் பார்த்தாள். அவர் இடுப்பிலிருந்த டேப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு வேறு பக்கம் திரும்பி நின்றார்.

“ஆமாம்பா,” என்றாள் மகள். “சாவி கிடைக்கல. அதான் லேட்டாயிடுச்சு.”

“பரவாயில்ல. ரெண்டு ராத்திரியும் மேகமே இல்ல, அதுதான் வீணாப் போச்சு.” அவர் கண் தார்ப்பாயின் பக்கம் போனது. “உன் உயரத்துக்குத்தான் வச்சிருக்கேன். சரியா இருக்கான்னு பாரு. இல்லேன்னா பெட்டியை மாத்தணும்.”

ஆம்புலன்ஸின் சத்தம் மேம்பாலத்தில் கேட்டது. மகள் எழுந்து போய்த் தார்ப்பாயை விலக்கினாள். மேலே கண் வைக்கும் துளை இருந்தது. அவள் குனியவில்லை, எக்கவும் இல்லை. அப்படியே நின்று கண்ணை வைத்தாள். அடியில் கண்ணாடியின் மேல் மூடி இன்னும் போட்டபடியே இருந்தது, உள்ளே இருட்டைத் தவிர எதுவும் தெரிந்திருக்காது.

“சரியா இருக்கா?” என்று கேட்டார் பெரியவர்.

“சரியா இருக்குப்பா.”

ஸ்ட்ரெச்சர்காரர்கள் பதினேழு படி ஏறி, அந்தக் குறுகிய கதவில் ஸ்ட்ரெச்சரை ஒருக்களித்து உள்ளே நுழைத்து, பெரியவரைத் தூக்கிப் படுக்க வைத்து வாரைக் கட்டும் வரைக்கும் அவள் அந்தத் துளையிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.